பகல் பன்னிரண்டு மணி ஒயின்

சிட்னியில் எனக்கு முதலில் சுற்றிக் காட்டப்பட்ட இடம் துறைமுகப் பாலம் அல்ல. வெஸ்ட்மீடில் என் தங்கை வீட்டுக் கார் ஷெட். சித்தப்பா மகள் சாந்தியும் அவள் கணவர் செந்திலும் அங்கே பதினைந்து வருடமாக இருக்கிறார்கள். அவளுக்கு மருத்துவமனை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, அவருக்குக் கணினி. காருக்குப் பின்னால் பொன்னி அரிசி மூட்டைகள், மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு பழைய போர்வை, போர்வைக்குப் பின்னால் வரிசையாக ஒயின் புட்டிகள். ஊரிலிருந்து பெற்றோர் வந்து தங்கும் மாதங்களில் இன்னும் இரண்டு மூட்டை கூடும் என்று செந்தில் விளக்கினார்.

"அக்கா, ஊர்ல மட்டும் யார்கிட்டயும் சொல்லிப்போடாதீங்க," என்றார்.

"கேட்டு வந்தவளே நான். நான் போய் யார்கிட்ட சொல்றது?"

வந்திறங்கி காபி குடித்த கையோடு, "செந்தில், இத்தாலி ஒயின் ஒண்ணு வேணும். சிவப்பா, நுரை வர்ற மாதிரி. எங்க கிடைக்கும்?" என்று நான் கேட்டிருந்தேன். சாந்தி அடுப்பை அணைத்துவிட்டு என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். அவளுடைய பயம் நியாயமானது. நான் கோயம்புத்தூரில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. இருபத்தாறு வருடமாக நொதித்தல் பாடம் நடத்துகிறேன். கரும்பலகையில் இடப்பக்கம் குளுக்கோஸ், அம்புக்குறிக்கு மேல் ஈஸ்ட், வலப்பக்கம் எத்தனாலும் கார்பன் டை ஆக்சைடும். சமன்பாட்டின் வலப்பக்கத்தை நாக்கில் வைத்துப் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் கேக் வந்தால்கூட முதலில் மோந்து பார்த்துவிட்டுத்தான் வெட்டுவோம்.

நான் இந்தத் தேடலில் இறங்கியதற்குக் காரணம் நான்கு மாதத்துக்கு முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை. மெல்பர்னில் இருக்கும் என் மகள் நித்யா, தான் மணக்க விரும்பும் மார்கோவின் அப்பாவை வீடியோ அழைப்பில் எங்களுக்கு அறிமுகம் செய்தாள். பெயர் ரெனாத்தோ. மனைவியை இழந்தவர், வீடுகளுக்குத் தரை ஓடு பதித்து ஓய்வு பெற்றவர், முப்பது வயதில் இத்தாலியிலிருந்து வந்தவர். அங்கே நண்பகல், இங்கே இட்லி நேரம். அவர் சிவப்பாக நுரைக்கும் ஒரு குவளையை உயர்த்தி, பல் தெரியச் சிரித்து வணக்கம் சொன்னார். நானும் சிரித்தேன். பிறகு ஒலியை அணைக்கும் பொத்தானை அழுத்திவிட்டு என் கணவர் பக்கம் திரும்பிச் சொன்னேன்: "பகல் பன்னெண்டு மணிக்கே ஊத்திக்கிட்டு உக்காந்திருக்காரு பாருங்க. டிப்பிக்கல் ஆல்கஹாலிக் ஃபேமிலி."

நான் அணைத்தது ஒலியை அல்ல, படத்தை. தமிழில் சொன்னதோடு நிறுத்தியிருந்தால் தப்பித்திருப்பேன். ஆனால் காரமானதை ஆங்கிலத்துக்கென்று எடுத்து வைப்பது படித்த தமிழர்களின் வழக்கம். மூன்று சொற்களும் ஆசிரியையின் சுத்தமான உச்சரிப்பில் மெல்பர்ன் போய்ச் சேர்ந்தன.

அதற்குப் பிறகு நித்யா பேசுவது குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு வரி வரும்: நல்லா இருக்கேன்மா. ஐந்து வாரம் இப்படிப் போனது. பிறகு ஒரு நாள் வகுப்புக்குப் போகும் வழியில் இன்னொரு செய்தி வந்தது. குடல்வால் வெடித்து அறுவை சிகிச்சை நடந்து பதினோரு நாள் ஆகிறதாம், இப்போது வீட்டில் இருக்கிறாளாம், கவலைப்பட வேண்டாமாம். மார்கோ மேற்கே ஒரு சுரங்கத்தில் வேலையில் இருந்திருக்கிறான். மருத்துவமனையில் இருந்த ஆறு நாளும் அவள் கட்டிலருகே உட்கார்ந்து, பிளாஸ்க்கில் கோழிச்சாறு கொண்டுவந்து ஸ்பூனால் கொடுத்தவர் ரெனாத்தோ. டிப்பிக்கல் ஆல்கஹாலிக்.

"எங்கிட்ட ஏன் கண்ணு சொல்லலை?" என்று கேட்டேன்.

"சொன்னா நீங்க ஏதாவது சொல்வீங்கம்மா."

அன்றிலிருந்து தொலைபேசி ஒலித்தால் சமன்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுகிறேன். மிச்சத்தை மாணவிகளே எழுதி முடித்துவிடுகிறார்கள். ஆகவே நான் ஆஸ்திரேலியா பார்க்கப் போகவில்லை. அடுத்த முறை எங்காவது வலித்தால் அவள் எனக்குச் சொல்ல வேண்டும். அதற்கு என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்யப் போனேன்.

அவளோ, "புதன்கிழமை வரைக்கும் சாந்தி சித்தி வீட்டுல இருங்க, எனக்கு வேலை இருக்கு" என்றுவிட்டாள். புதனுக்கு அடுத்த ஞாயிறு ரெனாத்தோ வீட்டில் மதிய விருந்து. எதுவும் வாங்கி வர வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னாள். சம்பந்தி வீட்டுக்கு முதல்முதலாக வெறுங்கையோடு போகும் கோயம்புத்தூர்ப் பெண் இன்னும் பிறக்கவில்லை. மார்கோவுக்குச் செய்தி அனுப்பினேன். பதில் வந்தது: அப்பாவுக்கு லம்புருஸ்கோ பிடிக்கும். அவர் ஊர் ஒயின். சிவப்பு, நுரைக்கும், இனிக்கவே கூடாது. கடைகளில் இருப்பதெல்லாம் இனிப்பு. நல்லது ஒரு சில உணவகங்களில் மட்டும் வரும் என்பார். நான் சுரங்கத்தில் இருக்கிறேன், விருந்தன்று வந்துவிடுவேன்.

அப்படியானால் உணவகம் உணவகமாகப் போய்ச் சுவைத்துத்தான் பார்க்க வேண்டும். சுவைக்க வேண்டியது நான்.

நான் வந்த மறுநாளே ஞாயிறு; அன்று மதியம் செந்தில் எங்களை லைக்கார்ட் பக்கம் ஓர் இத்தாலிய உணவகத்துக்கு அழைத்துப் போனார். பரிமாறுபவர் தாடியைச் சிறு பின்னலாகப் பின்னியிருந்தார். நுரைக்கும் சிவப்பு என்றதும் முகம் மலர்ந்து கறுப்பாக ஒரு புட்டியைத் தூக்கி வந்தார். செந்திலின் குவளையில் இரண்டு ஸ்பூன் அளவு ஊற்றிவிட்டுக் கைகட்டி நின்றார். அவ்வளவுதான் தருவார்களா என்று நினைத்தேன். இல்லை, அது பரீட்சை. வீட்டுத் தலைவர் ருசி பார்த்துச் சம்மதம் சொன்னால்தான் மற்றவர்களுக்கு ஊற்றுவார்கள். செந்தில் குவளையைச் சுழற்றினார், மூக்கை உள்ளே விட்டார், கண்ணை மூடினார்.

"தோலு வாசம் வருது. லேசாப் புகையிலை. அப்புறம் மழை பெஞ்ச மண்ணு."

"அரிசி மூட்டை வாசம் வரலையா?" என்றாள் சாந்தி.

எனக்கும் ஊற்றினார்கள். ஐம்பத்து நான்கு வயதில் முதல் வாய். திரிபலா சூரணத்தைக் கோலி சோடாவில் கலக்கி, பாவம் என்று வெல்லம் போட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. புட்டியைத் திருப்பிப் பார்த்தேன். இத்தாலியே அல்ல, ஷிராஸ் திராட்சையில் செய்த உள்ளூர் ஒயின்.

"நான் கேட்டது லம்புருஸ்கோ."

"இது அதைவிட நல்லது, மேடம். நாங்கள் கிறிஸ்துமஸுக்கு வான்கோழியோடு குடிப்பது."

இந்த நாட்டில் ஒரு பொருள் இல்லை என்று யாரும் சொல்வதில்லை. வேறொன்று அதைவிட நல்லது என்கிறார்கள். நான் விடாமல் கேட்கவே உள்ளே போய்த் தூசி தட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். பெயர் சரி. சுவை, கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளித்த பிறகு கொடுக்கும் திராட்சை சர்பத்.

புதன்கிழமை மெல்பர்னுக்கு ரயில் ஏறினேன். பாதி வழியில் எல்லோரையும் இறக்கிப் பேருந்தில் ஏற்றினார்கள், தண்டவாளத்தில் வேலையாம். நம் ஊராக இருந்தால் இந்நேரம் நாலு பேர் எஞ்சின் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள், ஒருவர் நிலைய அதிகாரியின் சட்டையைப் பிடித்திருப்பார். இங்கே எல்லோரும் நன்றி சொல்லிக்கொண்டே இறங்கினார்கள். எனக்கு முன்னிருக்கையில் இரண்டு மூதாட்டிகள்.

"எனக்கு விவரம் தெரிந்த நாளாய் இந்தத் தண்டவாளத்தைச் சரி செய்கிறார்கள்."

"என் கல்யாணத்தையும் அப்படித்தான் சரி செய்து பார்த்தோம். கடைசியில் நான் பேருந்து பிடித்தேன்."

அவர்கள் சிரிக்க, நான் குறிப்பேட்டில் ரெனாத்தோவிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். மூன்றாவது திருத்தத்தில் அது தலைமையாசிரியருக்கு எழுதிய விடுப்புக் கடிதம் போல ஆகிவிட்டது. கிழித்துப் போட்டேன்.

நித்யா நிலையத்துக்கு வந்திருந்தாள். தோள் எலும்பு தெரிந்தது. "வலி இருக்கா கண்ணு?" என்றேன்.

"ஐ ஆம் ஃபைன்மா."

பெட்டியைத் தூக்காதே என்றதற்கு ஐ ஆம் ஃபைன். சாப்பிட்டாயா என்றதற்கு ஐ ஆம் ஃபைன். நோபல் பார்க்கில் அவள் குடியிருப்புக் கதவைத் திறக்கும்வரை எனக்குக் கிடைத்தது அந்த மூன்று சொல்தான். மூன்று சொல்லுக்கு மூன்று சொல், சரிக்குச் சரி.

மறுநாள் அவள் வேலைக்குப் போனதும், மியூசியம் பார்க்கப் போகிறேன் என்று செய்தி அனுப்பிவிட்டு லைகன் தெருவுக்குப் போனேன். இத்தாலிய உணவகங்கள் வரிசையாக நிற்கும் தெரு. வாசல்தோறும் ஒருவர் நின்று, ஒப்பணக்கார வீதிப் புடவைக் கடைக்காரர்கள் போல, வாங்க வாங்க என்று கையைப் பிடிக்காத குறையாக உள்ளே தள்ளுகிறார்கள். புடவைக் கடையிலாவது பிடிக்கவில்லை என்றால் வேறு எடுத்துப் போடுவார்கள். முதல் இடத்தில் லம்புருஸ்கோ என்றால் என்னவென்று பரிமாறும் பெண்ணுக்குத் தெரியவில்லை. அலைபேசியில் தேடிவிட்டு, அது இப்போது யாரும் குடிப்பதில்லை என்று எனக்கு ஆறுதல் சொன்னாள்.

இரண்டாவது இடத்தில் சுவரெங்கும் மாவு பிசையும் இத்தாலியக் கிழவிகளின் புகைப்படங்கள். குவளை வந்தது. வெந்நீர் சூட்டில் இருந்தது, இனித்தது, நுரை என்று பெயருக்கு நான்கு குமிழி. பரிமாறிய பையனைக் கூப்பிட்டேன்.

"இதில் சர்க்கரை மிச்சம் இருக்கிறது. ஈஸ்ட்டை வேலை முடிக்க விடவில்லை. கார்பன் டை ஆக்சைடும் போய்விட்டது. எடுத்துக்கொண்டு போங்கள்."

அவன் என் புடவையைப் பார்த்தான், குவளையைப் பார்த்தான், உள்ளே போனான். சற்று நேரத்தில் சமையலறைக் கதவு திறந்து, வெள்ளை ஏப்ரனில் நாற்பது வயதுக்காரர் ஒருவர் வந்தார். ஒயினைத் திருப்பி அனுப்பிய இந்தியப் பெண்மணியை வேடிக்கை பார்க்க வந்திருக்கிறார் என்று தெரிந்தது.

"அன்ரி, தமிழோ?"

"ஆமா. நீங்க?"

"ஓம். யாழ்ப்பாணம். ரவி எண்டு கூப்பிடுங்கோ. நான்தான் இஞ்ச சமைக்கிறன்." சுவரிலிருந்த கிழவிகளைக் காட்டி, "உவையள் ஒருத்தரும் வேலைக்கு வாறேல்லை" என்றார். "உள்ளுக்க நானும் ஒரு நேபாளிப் பெடியனும்தான் இத்தாலி."

நான் சிரித்துவிட்டேன். வந்து ஐந்து நாளில் முதல் சிரிப்பு.

"உது வைன் இல்லை அன்ரி, இருமல் மருந்து. பெரிய ஆக்கள் மணந்து பாத்துப்போட்டு நல்லாயிருக்கு எண்டுவினம். நீங்கள்தான் முதல் ஆள் திருப்பி விட்டது. ஆருக்குத் தேடுறியள்?"

மகளின் வருங்கால மாமனாருக்கு என்றேன். மிச்சத்தைச் சொல்லவில்லை. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். படகில் வந்தவர், வந்த புதிதில் டண்டினொங்கில், தொழிற்சாலைகளுக்கு நடுவே ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவியிருக்கிறார். மதியம் மட்டும் திறக்கும் கடை. லூச்சியானா என்ற அம்மா நடத்துவது. "அந்த மனிசிதான் எனக்கு அடுப்படி காட்டினது. அவவிட்டத்தான் சரியான சாமான் இருக்கு. நாளைக்கு எனக்கு நாலு மணிக்குத்தான் வேலை. பன்னிரண்டுக்கு டண்டினொங் ஸ்டேசனடிக்கு வாங்கோ, கூட்டிக்கொண்டு போறன்."

அன்று மாலை நித்யா வீட்டுக்கு வருமுன் இரண்டு ஏலக்காயை வாயில் போட்டு மென்றேன். என் பெரியப்பா மாலை நேரங்களில் ஏன் ஏலக்காய் மணத்தார் என்பது நாற்பது வருடம் கழித்து எனக்குப் புரிந்தது. மியூசியம் எப்படி இருந்தது என்று கேட்டாள். பழைய சாமான்தான், சூடாக வைத்திருக்கிறார்கள் என்றேன்.

வெள்ளிக்கிழமை டண்டினொங் பேருந்தில் பனியன் தொழிற்சாலைப் பேருந்து போலவே கூட்டம். பாதிப் பேர் தூங்கிக்கொண்டும் மீதிப் பேர் தூரத்து மனைவிமாருடன் பேசிக்கொண்டும் இருந்தார்கள். கண்ணாடிக் கிட்டங்கிக்கும் லாரி பழுது பார்க்கும் இடத்துக்கும் நடுவில் ஒரு தகரக் கூரை. பெயர்ப்பலகை இல்லை. உள்ளே நீள மேசைகளில் எண்ணெய்க் கறை படிந்த மஞ்சள் சட்டைக்காரர்கள். சுவரில் ஒரு படம்கூட இல்லை. உண்மையான கிழவி உள்ளே இருந்தால் புகைப்படம் தேவையில்லை போலும். லூச்சியானாவுக்கு எழுபத்தைந்து இருக்கும். ரவியின் கன்னத்தைக் கிள்ளி, இளைத்துவிட்டாய் என்று திட்டி, எங்களை உட்கார வைத்தார்.

முதலில் கோழிச்சாறு வந்தது, அதில் மோதிரம் போல் மடித்த மாவுத் துண்டுகள். அடுத்து வந்தது ஒயின். குவளை இல்லை, வெள்ளைக் கிண்ணம். பீர் புட்டி மாதிரி தகர மூடி. ஊற்றியதும் கத்தரிப்பூ நிறத்தில் நுரை பொங்கிக் கிண்ண விளிம்பில் நின்று மெதுவாக அடங்கியது. சில்லென்று இருந்தது. குடித்தேன்.

நாவல்பழம். உப்புத் தூவிய நாவல்பழம். அதே துவர்ப்பு, பல்லில் அதே கூச்சம், கடைசியில் ஒரு புளிப்பு. இனிப்புத் துளியும் இல்லை. ஈஸ்ட் கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்து முடித்திருந்தது. என் சமன்பாட்டின் வலப்பக்கம் முழுவதும் ஒரே புட்டியில். ரவி நாக்கை நீட்டச் சொன்னார். நீட்டினேன். ஊதா.

எதிர் மேசையில் ஒருவர் செய்த காரியம் என்னைத் திடுக்கிட வைத்தது. தன் கிண்ணத்து ஒயினைச் சூடான கோழிச்சாற்றில் ஊற்றித் தூக்கிக் குடித்தார்.

"அவையின்ர ஊர்ப் பழக்கம் அன்ரி," என்றார் ரவி. "ரெஸ்டோரண்டில செய்தால் வெக்கம் எண்டுவினம். சொந்தச் சனத்துக்கு முன்னாலதான் செய்வினம்."

தட்டில் மிஞ்சிய ரசத்தில் மோரை ஊற்றிக் கையால் அள்ளிக் குடித்துவிட்டு, விருந்தாளி முன்னால் ஸ்பூன் பிடிக்கும் குடும்பத்திலிருந்து வந்தவள் நான். விளக்கம் தேவைப்படவில்லை.

லூச்சியானா வந்து அருகில் உட்கார்ந்தார். யாருக்குப் புட்டி வேண்டும் என்று கேட்டார். ரெனாத்தோ என்றேன், தரை ஓடு பதித்தவர், மகன் பெயர் மார்கோ.

"ரெனாத்தோவா? இருபது வருடமாக வியாழக்கிழமைதோறும் இங்கே வருபவன். அவனுக்கா? வேண்டாம். அவன் விட்டுவிட்டான்."

"எதை?"

"குடிப்பதை. நாலு மாதம் ஆகிறது. வருகிறான், அதோ அந்த மூலையில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறான். கிறுக்கு. மகன் கட்டப்போகும் பெண்ணின் அம்மாவுக்குப் பிடிக்காதாம். அந்தம்மா ஆசிரியையாம். ஆசிரியை சொன்னால் ஏதோ காரணம் இருக்கும் என்கிறான். அவன் வாழ்நாளில் ஒரு நாள் குடித்துத் தள்ளாடி நான் பார்த்ததில்லை. மதியம் ஒரு கிண்ணம், அவ்வளவுதான்." அவர் என் பக்கம் குனிந்தார். "யார் அந்தப் பெண்பிள்ளை? உனக்குத் தெரியுமா?"

ரவிக்கும் தெரியாது. அவர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். நான் பேசாமல் பேருந்து பிடித்துப் போயிருக்கலாம்.

"நான்தான்," என்றேன்.

லூச்சியானா என் ஊதா உதட்டையும் காலிக் கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிக்கவில்லை. எழுந்து உள்ளே போனார். ரவி மெதுவாக, "அன்ரி, என்ன சொன்னனீங்கள் அந்தாளுக்கு?" என்றார். சொன்னேன். மூன்று சொல்லையும். அவர் தலையில் கை வைத்து, "ஐயோ அன்ரி, அதையேன் இங்கிலீசில சொன்னனீங்கள்!" என்றார்.

லூச்சியானா ஒரு புட்டியோடு திரும்பினார். "அடியில் வண்டல் இருக்கிறது. குலுக்காதே, படுக்க வைக்காதே, நிமிர்த்திப் பிடி." வாசல்வரை வந்து மேலும் ஒன்று சொன்னார்: "அவன் குடிக்காவிட்டால் நீ குடித்துவிட்டுப் போ. வீணாக்காதே."

கோயம்புத்தூரில் யாரோ ஒரு மணமக்களின் பெயர் அச்சிட்ட மஞ்சப்பையில் புட்டியை நிறுத்தி, பேருந்தில் மடியில் பிடித்துக்கொண்டு வந்தேன். சனிக்கிழமை முழுவதும் அது என் துணி அலமாரியில், பட்டுப்புடவைக்குப் பின்னால் நின்றது. செந்திலின் அரிசி மூட்டைகளை வேடிக்கை பார்த்தவள்தான்.

ஞாயிறு. ரெனாத்தோ வீட்டுக் கதவைத் திறந்தார். வீடியோவில் தெரிந்ததைவிடக் குள்ளம், கை மட்டும் பெரியது. முழங்கால் இரண்டும் வேலையில் தேய்ந்து, நடை பக்கவாட்டில் ஆடியது. மார்கோ சமையலறையிலிருந்து "வணக்கம் அத்தை" என்றான், பயிற்சி எடுத்திருந்தான். கூடத்தின் கண்ணாடி அலமாரி காலியாக இருந்தது. தூசியில் புட்டிகள் நின்ற வட்டங்கள் இன்னும் அழியவில்லை. மேசையில் தண்ணீர், ஆரஞ்சுச் சாறு, எனக்கென்று எங்கோ தேடி வாங்கிய மாம்பழச்சாறு டப்பாக்கள்.

தேங்காய், பழம், பூ வைத்த தட்டைக் கொடுத்தேன். பிறகு மஞ்சப்பையைக் கொடுத்தேன். அவர் உள்ளே பார்த்தார். நித்யா என்னைப் பார்த்தாள். இந்த அம்மா இப்போது எதைச் சொல்லித் தொலைக்கப் போகிறாள் என்ற பார்வை. ரெனாத்தோ புட்டியை அடியோடு பிடித்து, நிமிர்த்தியவாறே சமையலறைக்குள் கொண்டு போனார். வெறுங்கையோடு திரும்பி வந்து எனக்கு மாம்பழச்சாறு ஊற்றினார்.

முடிந்தது என்று நினைத்தேன்.

கோழிச்சாறு வந்தது. "இதுதானா?" என்று நித்யாவிடம் கேட்டேன்.

"இதுதாம்மா. ஆறு நாளும்."

மிளகு போடாத ரசம் போல மெல்லிய வாசனை. நான் ஸ்பூனை எடுத்தபோது சமையலறையில் மணி அடித்தது. அடுப்பருகே நேரம் குறித்து வைக்கும் சிறிய கடிகாரம். யாரும் அசையவில்லை. மறுபடி அடித்தது.

"ஏதாவது தீய்ந்துவிடப் போகிறது," என்றேன்.

"இல்லை," என்றார் ரெனாத்தோ, தன் சாற்றைப் பார்த்தபடி. "உங்கள் புட்டி. குளிர வைத்தேன். குளிர்ந்துவிட்டது. அங்கேயே இருந்தாலும் பரவாயில்லை."

நான் எழுந்து போனேன். புட்டியை எடுத்து, வகுப்பறையில் அமிலப் புட்டியைத் திறக்கும் நிதானத்தோடு தகர மூடியை நெம்பினேன். ஆங்கிலத்தில் தயாரித்த மன்னிப்பின் முதல் வரி ஞாபகம் வரவில்லை. மேசைக்கு வந்து, மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்க, என் கோழிச்சாற்றில் மளமளவென்று ஒயினை ஊற்றினேன். நுரை பொங்கியது. ஸ்பூனை ஒதுக்கி வைத்துவிட்டு, கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கிக் குடித்தேன். புளி சற்றுத் தூக்கலான ரசம். மூக்கில் ஏறியது. இருமினேன், விடாமல் குடித்தேன்.

"நான் சொன்னது தப்பு," என்றேன் ஆங்கிலத்தில். வந்ததெல்லாம் அவ்வளவுதான்.

ரெனாத்தோ தன் கிண்ணத்தை மேசையில் என் பக்கமாகத் தள்ளினார். ஊற்றினேன். மார்கோ தள்ளினான். நித்யா வாயைப் பொத்திக்கொண்டு தள்ளினாள். ரெனாத்தோ மாதாகோவில் மணியை நிமிர்ந்து பார்ப்பதுபோலச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு பத்து. கிண்ணத்தை உயர்த்தினார்.

"டிப்பிக்கல்," என்றார், என் உச்சரிப்பிலேயே, "ஆல்கஹாலிக் ஃபேமிலி."

நித்யா சிரித்த சிரிப்பில் தையல் போட்ட இடத்தைக் கையால் அழுத்திக்கொண்டாள்.

எல்லோரும் குடித்துவிட்டதால் நித்யாவின் காரை ரெனாத்தோ வாசலிலேயே விட்டுவிட்டு நானும் அவளும் ரயில் நிலையத்துக்கு நடந்தோம். அங்கே ரயில் இல்லை. தண்டவாளத்தில் வேலை, பேருந்து நின்றது. எல்லோரும் நன்றி சொல்லி ஏறினார்கள். நானும் சொன்னேன். ஜன்னலோரம் உட்கார்ந்த நித்யா, இரண்டாவது நிறுத்தம் தாண்டியதும் தலையை என் தோளில் சாய்த்தாள்.

"அம்மா, தலை வலிக்குது."

அவள் நெற்றியில் கை வைத்தேன்.

"பகல்ல குடிச்சா அப்படித்தான் வலிக்கும் கண்ணு," என்றேன். "எங்க வலிக்குது, காட்டு."